இஞ்சிச் சாக்கு

மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே, பேச்சியம்மாள் முளைவிட்ட இஞ்சித் துண்டு ஒன்றைக் கொல்லையில் சிமெண்டுச் சாக்கில் ஊன்றினாள். பிள்ளை பிறக்கும்போது தோண்டிப் பேறுகால மருந்து கிளறிவிடலாம் என்பது அவள் கணக்கு. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் மருமகள் மாரிச்செல்விதான் ஊற்றினாள். வயிறும் செடியும் சேர்ந்தே வளர்ந்தன. இஞ்சித் தாள் பழுத்துச் சாய்ந்த வாரம், குழந்தை இறந்தே பிறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாரிச்செல்விக்கு நிற்க முடியவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாயிருந்தது. கொல்லையில் மாமியார் சாக்கைக் கவிழ்த்துக் கிழங்குகளை மண் போக உதறிக்கொண்டிருந்தாள்.

"மருந்துக்கா அத்தை?"

"பிள்ளயத் தூக்கிட்டு வந்தவளுக்குத்தாம்ட்டி மருந்து. செத்த பிள்ளைக்குத் துட்டி கேக்க வாறவங்களுக்கு டீயில தட்டிப்போடணும். அடுப்புல தண்ணி கொதிக்கு, போய்ப் பாரு."

மாரிச்செல்வி போகவில்லை. பேச்சியம்மாள் கிழங்கில் கொழுத்த கணுவாக ஒன்றை ஒடித்து எடுத்தாள். மண்ணை மறுபடி சாக்கில் அள்ளிப்போட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, அதை ஊன்றினாள்.

"அது யாருக்கு அத்தை?"

"எம் மவனுக்கு அடுத்து வாறவளுக்கு." தலையை நிமிர்த்தவில்லை. "தண்ணி கொண்டாந்து ஊத்து."

மாரிச்செல்வி சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். அடுக்களை வாசலிலேயே குடம் நிறைந்திருந்தது. அதைத் தாண்டிப் போய், அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கரித்துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். பேச்சியம்மாளின் இரண்டு கைகளும் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தன.