வாசல் வரைக்கும்

“கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பிளேடு வெளிய வந்து நிக்கும். ஒத்தைக் கை போதும்.”

கடைக்காரர் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். ‘சடக்’கென்று விரிந்தது மடக்குக் கத்தி. இரும்புச் சாமான் கடையில் அந்தச் சத்தத்துக்கு மயங்காத ஆளை அவர் பார்த்ததில்லை.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். மூத்தவர் மூட்டை தூக்குகிறவர். காய்த்துப்போன பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது. கூட வந்த இளைஞன் அவருடைய மச்சினன்; வந்ததிலிருந்து வாய் நிறைய ‘மாமா’ போட்டுக்கொண்டிருந்தான்.

மூட்டைக்காரர் வந்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கிடங்கில் பெட்டிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க, அவனவன் பையில் அவனவன் கத்தி இருக்கவேண்டும். இரவல் பேச்சே கிடையாது. ரொம்ப நாள் வேலை இல்லாமல் இருந்தவரை மேஸ்திரி இப்போதுதான் மனசு இறங்கி, நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார். கத்தி இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

“அதுவும் இவன் பார்த்துச் சரின்னு சொல்ற கத்தியாத்தான் இருக்கணும்னுட்டார்” என்று மச்சினனைக் காட்டினார்.

பெரிய கத்தி நிபுணன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். ஆனால் நிபுணன் கத்தியைத் தொடவே இல்லை. கூர் பார்க்கவில்லை, எந்த ஊர் இரும்பு என்று கேட்கவில்லை.

“நீங்க திறங்க மாமா” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கத் திரும்பினான். முழுசாகத் திரும்புவதற்குள் ‘சடக்’ என்றது.

“இது வேணாம்.”

அடுத்ததில் அலகு நழுவாமல் இருக்கப் பூட்டு உண்டு. மாமா அதையும் ஒரு கையாலேயே திறந்தார். மச்சினன் வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்திருந்தான். அங்கேயே நின்று தலையாட்டினான். வேண்டாமாம்.

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேரம் பேசத் தெரியாதவன் வெளியே போவதுபோல் நடந்து காட்டுவான். கூப்பிட்டு விலையைக் குறைப்பார்கள் என்று எதிர்பார்ப்பான். இந்தக் கூத்தை அவர் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறார்.

“விலை கட்டலைன்னா வாயால சொல்லு தம்பி. காலால பேசுற வேலை எங்கிட்ட வேணாம்.”

“விலைக்காக ஒண்ணும் இல்லண்ணே” என்றான் அவன், கோபப்படாமல். “வேற காட்டுங்க.”

மூட்டைக்காரர் முதல் கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. அதன் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். முன்னால் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தாராம். இப்போது இல்லையாம். தொலைந்துவிட்டதா என்று கடைக்காரர் கேட்டதும் மச்சினன் பக்கம் திரும்பிக்கொண்டார். “சீக்கிரம் முடி மாப்ள. கத்தியோட வருவேன்னு உங்கக்கா வழியைப் பார்த்துட்டு இருப்பா” என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக அடி டிராயரைத் திறந்தார். மரப் பிடி போட்ட பழைய மாதிரிக் கத்தி ஒன்று தூசியோடு கிடந்தது. நகத்தால் நெம்பி, இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்கவேண்டும். வில் அத்தனை இறுக்கம். கூர் நன்றாக நிற்கும், ஆனால் அவசரத்துக்கு உதவாது என்று உள்ளதைச் சொன்னார். “ஒரு கையில பெட்டியைப் பிடிச்சிருக்குறப்ப இதை எப்படித் திறப்பீங்க?”

“பெட்டி எங்கயும் ஓடாதுண்ணே” என்றான் மச்சினன். “திறங்க மாமா.”

மாமாவுக்கு நகம் எங்கே இருக்கிறது? மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்துபோயிருந்தது. நெம்பினார். வழுக்கியது. மறுபடி நெம்பினார். விரல் நுனி பிய்ந்தது. கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்து, கத்தியைப் பெற்றவனையும் விற்றவனையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஓங்கி எறிந்துவிடுவார் போலிருந்தது. கடைக்காரர் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு மூட்டைக்காரர் மூச்சை விட்டு, பிடியைச் சட்டையில் துடைத்து, நிதானமாக இழுத்தார். அலகு வெளியே வந்தபோது அவர் முகம் பழையபடி ஆகியிருந்தது. “நல்ல கத்திதான்” என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

மச்சினன் அதற்குள் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்தே சொன்னான்: “இதுதான்.”

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கடையிலேயே மட்டமான சாமானை ஒருவன் தேடிப் பிடித்து எடுப்பதா? ஒத்தைக் கைக் கத்தியையும் அதே விலைக்குத் தருகிறேன் என்றார். மாமா ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு அவராகவே அதைத் தள்ளி வைத்துவிட்டு, மரப் பிடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனார்.

மச்சினன் உள்ளே வந்து பணத்தைக் கொடுத்தான்.

“கத்தியைப் பத்தி உனக்கு ஒரு மண்ணும் தெரியலையே தம்பி. எதை வச்சு உன்னைப் பார்க்கச் சொன்னார் அந்த மேஸ்திரி?”

அவன் தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டையை விலாவரைக்கும் தூக்கிக் காட்டினான். தையல் போட்ட தழும்பு ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது.

“மாமா கோபம் இந்த வாசலுக்குப் போற நேரம்தாண்ணே. முன்னால வச்சிருந்த கத்தி அதுக்குள்ள திறந்துடுச்சு.”