அலாரம் மட்டும் வரவில்லை

"எல்லாம் வந்துடுச்சும்மா. அலாரம் மட்டும் வரல," என்றாள் மகள்.

அவ்வளவுதான், அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அதுவரை, மேசையில் பழைய போனும் புதுப் போனும் ஒட்டிக் கிடக்க, அடைகாக்கும் கோழி மாதிரி பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். சித்தி நம்பர் வந்ததா, பெரியப்பா பேரன் படம் வந்ததா என்று விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அப்பாடா' போட்டாள்.

"அதென்ன, அது மட்டும் வராதாம்?"

"ரெண்டும் வேற வேற கம்பெனில்ல, அதான். இரு, புதுசா வச்சுத் தர்றேன்."

மகள் பழைய போனைத் திறந்து பார்த்தாள்.

பத்து நாற்பத்திரண்டு. ஒன்று பதினேழு. நாலு ஐம்பத்துமூன்று.

காலையில் எழுந்திருக்க ஒரு அலாரம்கூட இல்லை. தேவையும் இல்லை, சேவல் தூங்கினாலும் அம்மா தூங்கமாட்டாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"மாத்திரைக்கு," என்றாள் அம்மா, கேள்வி முடிவதற்குள்.

மகள் போனை மேசையில் வைத்தாள். என்ன மாத்திரை? யார் எழுதிக் கொடுத்தது? வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும்போது கை சுட்டுக் கொப்பளித்ததை, ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தவள் இவள். வலிக்கிறது என்று சொன்னால் குடி முழுகிவிடுமா என்ன? அம்மாவைப் பொறுத்தவரை முழுகிவிடும்.

நல்லதையும் சொல்லமாட்டாள், அது வேறு கதை. எட்டு மாதத்துக்கு முன்னால், ரயில் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது என்று மகள் குதித்துக்கொண்டு வந்து நின்றபோது, "பிரேக் பிடிக்கலன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டதோடு சரி. அதற்கப்புறம் அந்த வேலையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஊரே மெச்சியது. அம்மா மெச்சவில்லை என்பது மகளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போகட்டும். இப்போது உடம்புக்கு என்ன?

"டாக்டர் சீட்டைக் காட்டு."

"சீட்டெல்லாம் ஏது? சத்து மாத்திரைடி. நீ முதல்ல நேரத்த வை."

இதற்கு மேல் இவள் வாயைக் கிளறிப் பயனில்லை. மகள் புதுப் போனைக் கையில் எடுத்தாள்.

"சரி, பத்தே முக்கால், ஒண்ணே கால், அஞ்சு மணின்னு முழுசா வச்சிடறேன். சத்து மாத்திரைதானே, முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது."

"ஐயையோ, போயிடும்டி!"

"எது போயிடும்?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

மகள் பழைய போனில் பட்டியலைக் கீழே தள்ளினாள். அணைத்து வைத்த பழைய நேரங்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. எட்டு மாதத்துக்கு உண்டான நேரங்கள். இந்த வாரத்து மூன்றும் திங்கள் முதல் சனி வரை அடிக்கும், புதனைத் தவிர.

புதன்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும் வியாதி எது?

புதன்கிழமை லீவு மகளுக்குத்தான்.

தலையைத் தூக்கினாள். ஞாயிறுதோறும் அவள் ஒட்டிவைக்கும் டியூட்டி தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. அவள் வண்டி கிளம்பும் நேரங்கள்: பத்து முப்பத்துமூன்று, ஒன்று எட்டு, நாலு நாற்பத்துநாலு.

மூன்றுக்கும் சரியாக ஒன்பது நிமிடம் தள்ளி, அம்மாவின் மாத்திரை.

கிளம்பி ஒன்பது நிமிடத்தில் எந்த ஸ்டேஷனும் வராது. இன்னும் இரண்டு நிமிடம் போனால், அதாவது ஒருத்தி மூன்று மாடிப் படி ஏறுகிற நேரம் போனால், பாலத்தைத் தாண்டி ஒரு வளைவு வரும். வளைவில் வெள்ளை விரிப்புகள் காயும் ஒரு மொட்டைமாடி. சலவைக்கூடத்தின் வாசல் இருப்பது அந்தப் பக்கத்துத் தெருவில். இது அதன் முதுகுப்பக்கம் என்று, சிக்னலையும் தண்டவாளத்தையுமே பார்த்துப் போகிறவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று நேரத்தையும் ஒரு நிமிடம் பிசகாமல் புதுப் போனில் வைத்தாள்.

மறுநாள் காலை, பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் வளைவில் திரும்பும்போது, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, ஒரே ஒரு நொடி கண்ணை மேலே தூக்கினாள்.

கைப்பிடிச் சுவரோடு ஒட்டி அம்மா நின்றிருந்தாள். தனியாக இல்லை. துவைக்கிறவர்கள், தேய்க்கிறவர்கள், மடிக்கிறவர்கள், வேலை வாங்கும் மேற்பார்வை அக்கா வரைக்கும், ஒரு பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அம்மாவின் கை மட்டும் வண்டியை நோக்கி நீண்டிருந்தது, அதோ பார், அதோ பார் என்று.

அந்த இடத்தில் ஹாரன் அடிக்க விதியில்லை. கையாட்டவும் கூடாது. முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"என்னம்மா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் லேட்டு. அத்தன பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி!"