அணையாத டர்போ

பந்தயக் காரில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுழலி ஓயாது. புகைக்குழாயில் பெட்ரோலை வெடிக்கவிட்டு அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுபடி மிதித்ததும் கார் பாய வேண்டுமே. பந்தய மெக்கானிக்காக இருந்த மருதாசலம் அதில் கெட்டிக்காரன். அவன் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனபோது, கம்பெனி அதே வித்தையை அவன் நெஞ்சுக்குள் பொருத்தியது. அழைப்பு வந்ததும் பாய்வதற்காக, படுத்திருக்கும்போதும் அவன் இதயம் ஓடுகிறவனுடையதைப் போல அடித்தது.

"அந்த மாதிரி டர்போ சீக்கிரம் போயிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்றாள் மனைவி பூவாத்தாள்.

"காருக்கு வேற மாட்டிக்கலாம் புள்ள."

"லீவு நாள்லயாச்சும் அணைக்கச் சொல்லுங்க. அந்தத் தடதடப்புல பாப்பா உங்க நெஞ்சுல தூங்கவே மாட்டீங்குது."

"கேட்டுப் பாக்கறேன்."

ஞாயிறு மதியம் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மல்லாந்து கிடந்த அவன் நெஞ்சின்மேல் குழந்தை முதல் தடவையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. தடதடப்பு இல்லை.

கட்டிலருகே அழைப்பு மணி அலறியது. அவன் எழவில்லை. பூவாத்தாள் ஓடிப்போய் அதை அமுக்கினாள்.

"ஒருவழியா அணைச்சுட்டாங்க," என்று முணுமுணுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.