மதில் தாண்டிய தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ரிடையர்டு கண்டக்டர் பக்கத்து வீட்டு மதிலில் ஏறிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களை விரட்டிப் பிடித்த மனுஷர், இன்று முதல் முறையாகத் திருடப் போகிறார்.

ஏறுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மதிலை ஒட்டியிருந்த அவருடைய செப்டிக் டேங்கின் மூடி, படிக்கட்டு மாதிரி வசதியாக இருந்தது. தன் கிணற்றுக்குக் கேடு வரக்கூடாதென்று அதை வீட்டுக் கோடிக்குத் தள்ளிக் கட்டியவரும் அவர்தான்.

அந்தப் பக்கம் குதித்தால் நாலே எட்டில் தையல்காரரின் கிணறு. சத்தம் வராமல் வாளியை இறக்கி, இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

எல்லாம் மருமகனால் வந்த வினை. பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, இவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. "தண்ணி ரிப்போர்ட் வரட்டும் மாமா. நைட்ரேட் இருந்தா கைக்குழந்தைக்கு ஆகாது" என்று அவன் ஒரே பிடியாக நின்றான்.

செப்டிக் டேங்குகளால் தெருவின் கிணறுகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று பார்க்க, ஆய்வகத்து அம்மா முந்தின நாள்தான் வந்து டேங்குக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, வீட்டுக்கு ஒரு பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "காலையில நிரப்பி வைங்க. ருசிய வெச்சு நைட்ரேட்டைக் கண்டுபிடிக்க முடியாது" என்றும் சொன்னாள்.

அது கண்டக்டர் காதில் ஏறவில்லை. அவர் கிணறு லேசாக உப்புக் கரிக்கும். தையல்காரர் வீட்டுத் தண்ணீரோ கற்கண்டு. முதலில் பேத்தி வரட்டும், வந்தபின் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்குத் திரும்பியவருக்குப் பகீரென்றது. அவருடைய கிணற்றுக் கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மனைவி எழுந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளோ என்று உள்ளே எட்டிப் பார்த்தால், அவள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிழைத்தேன் என்று பாட்டிலில் தன் வீட்டு எண்ணை ஒட்டினார்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா ரிப்போர்ட்டோடு வந்து, இரண்டு பேரையும் மதிலோரம் கூப்பிட்டாள்.

"தையல்காரரே, உங்க பாட்டில்தான் தெருவுலயே சுத்தம். கண்டக்டர் சார், உங்களுதுல இருக்கலாம்ங்கற அளவைவிட ரெண்டு மடங்கு நைட்ரேட். குழந்தைய இப்போ வரச் சொல்லாதீங்க."

மானம் போனால் போகிறது, பேத்தி முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"அம்மா, அது என் கிணத்துத் தண்ணியே இல்ல. மதிலேறிக் குதிச்சு இவர் கிணத்துல எடுத்தேன்" என்று போட்டு உடைத்தார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இவர் கிணறு கெட்டிருந்தா எனக்கு ஆச்சரியமே இல்ல. உங்க டேங்க்தான் அதை ஒட்டி உக்காந்திருக்கே! ஆனா இவர் குடுத்த பாட்டில் சுத்தமா வந்திருக்கு. அது எப்படி?"

கண்டக்டர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"கிணத்த மூடச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்…" என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்கு உங்க கிணத்துக் கயிறு ஈரமா இருந்துச்சே, கவனிக்கலையாண்ணே?"