தொட்டி நின்ற இடம்

சமையலறையை இடித்துக் கட்டும்போது இடிபாடுகளைக் கொட்ட வாடகைக்கு எடுத்த இரும்புத் தொட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று மாநகராட்சி அனுமதியில் தெளிவாகவே இருந்தது: சொந்த வீட்டின் முன்னால், பக்கத்து வாசலை மறைக்காமல். தன் கார் நிற்க வேண்டுமே என்று பிரபாகரன் அதைப் பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பாதி குறுக்கே இறக்கச் சொன்னான். அந்த வீட்டு மனோன்மணி உடம்பை ஒருக்களித்து, வயிற்றை எக்கி, அந்த இடுக்கு வழியாகவே போய்வந்தாள். அவள் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஸ்ட்ரெச்சரை அப்படி ஒருக்களிக்க முடியவில்லை. தடுமாறித் தடுமாறி மதில்மேல் ஏற்றி இறக்கினார்கள்.

அவருடைய உடல் திரும்பி வருவதற்குள் பிரபாகரன் லாரியை வரவழைத்துத் தொட்டியைத் தன் வாசலுக்கு நகர்த்திவிட்டான்.

தகனம் முடிந்த மறுநாள் அவள் மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அவரு படுத்திருந்த மெத்தைய வெளிய போடணும். உங்க தொட்டில இடம் இருக்குமா?"

"இருக்குக்கா. நான் வந்து எடுத்துக்கறேன்."

"வேணாம்ப்பா, நானே கொண்டாறேன்."

சுருட்டிய மெத்தையை மார்போடு அணைத்தபடி வந்தவள், விரியத் திறந்திருந்த கேட்டில் ஒரு கணம் நின்றாள். பிறகு, எதுவுமே இல்லாத அந்த இடத்தில், உடம்பை ஒருக்களித்து, வயிற்றை எக்கி, மெல்ல வெளியே வந்தாள்.