பின் சீட்டுப் பாரம்

“பிரேக்கத் தொடாத மச்சான்! அப்படியே அழுத்து, அறுபதத் தாண்டட்டும்!”

கலைவாணன் குனிந்து, காரின் தரையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு கத்தினான். கள்ளக்குறிச்சியில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவன். ஸ்டீயரிங் பிடித்திருந்த முருகவேலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி.

முள் அறுபதைத் தொட்டது. நடுக்கம் தொடங்கியது. யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்து உலுக்குவதுபோல.

“ஸ்டீயரிங் ஆடுதா?”

“இல்லடா. கை சும்மாதான் இருக்குது. முதுகுதான் நடுங்குது.”

“அப்போ முன் சக்கரம் இல்ல. நியூட்ரல் போடு.”

போட்டான். என்ஜின் இரைச்சல் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை. வேகம் ஐம்பதுக்கு இறங்கிய பிறகுதான் நின்றது.

“என்ஜினும் இல்ல” என்றான் கலைவாணன். “பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு. அதோட ஜாயிண்ட்டு தேஞ்சிருக்குது. காலைல மலை ஏற வரும்போதே எனக்கு சந்தேகந்தான்.”

கோமுகி அணை பின்னால் போய்விட்டது. இருபுறமும் கரும்பு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருவர் வேட்டியும் இன்னும் ஈரம்.

முருகவேலின் மாமனார் ஆதிமூலத்தை அவருடைய மலையிலேயே, அவருடைய சாமைக் கொல்லையிலேயே அடக்கம் செய்துவிட்டு, ஓடையில் முழுகிவிட்டு வருகிறார்கள். ஆண் பிள்ளை இல்லாத மனிதர். மருமகன்தான் எல்லாம் செய்தான். மற்ற சொந்தங்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். இந்தக் காரும் ஆதிமூலத்தினுடையதுதான்.

கிளம்பும்போது பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார். வீட்டில் மனைவி பவானி மாசமாக இருக்கிறாள். முருகவேல் பின்னால் பார்க்கும் கண்ணாடியைக்கூடக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

“பயப்படாத மச்சான். பின்னாடி பாரம் ஏறினா வண்டி உக்காந்துடும். ஷாஃப்ட்டு கோணலாயிடும். வேகம் ஜாஸ்தியானா ஆடும். காலைல பின்னாடி மூணு பேர அடைச்சிக்கினு வந்தோமே, அப்பவும் இப்படித்தான ஆடுச்சி? காலியா இருந்தா ஒண்ணும் ஆவாது.”

சற்றுத் தூரம் போன பிறகு முருகவேல் மெல்லக் கேட்டான்.

“இப்போ பின்னாடி யாருடா இருக்கா?”

கலைவாணன் தரையிலிருந்து கையை எடுத்தான்.

“டிக்கில இன்னா வெச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல. குழி வெட்டுன மம்முட்டியக்கூட வேன்ல அனுப்பிட்டேன். ஸ்டெப்னி உன் பட்டறையில கெடக்குது.”

“இன்னொரு வாட்டி அறுபது போ.”

போனான். ஆடியது. முன்னைவிடப் பலமாக ஆடியது.

“மச்சான்... லேசா திரும்பிப் பாரேன்.”

“நீ பாருடா! பெரிய மெக்கானிக்கு!”

“நானுந்தான குழியில மண்ணு போட்டேன்? எனக்கு மட்டும் வூடு வாசல் இல்லியா?”

ஒரு லாரி எதிரே வந்து கடந்தது. அதன் டிரைவர் இவர்கள் காரைப் பார்த்தான். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

“வேகத்தக் கம்மி பண்ணி ஓட்டிக்கினே போயிடலாம்” என்றான் கலைவாணன். “நாப்பதுல போனா ஆடாது.”

“ஆடாதுடா. ஆனா வர்றது எம்பின்னாடி வூட்டுக்குள்ளதான வரும்? அங்க பவானி இருக்கா.”

வடக்கனந்தல் எல்லைக்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினான். சாலையையே பார்த்தபடி கை கூப்பினான்.

“மாமா, செய்ய வேண்டியதெல்லாம் கொறையில்லாம செஞ்சிட்டேன். இங்கியே எறங்கிடுங்க. உங்க பொண்ணு மாசமா இருக்குது. அவகிட்ட மட்டும் வராதீங்க.”

பின் சீட்டிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

கலைவாணனால் தாங்க முடியவில்லை. சடாரென்று திரும்பினான்.

“யாருடா?” முருகவேல் கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டான். “சொல்லித் தொலடா!”

“உன் பொண்டாட்டிடா.”

முருகவேல் திரும்பினான். பின் சீட்டின் ஒரு ஓரத்தில் முந்தானையைத் தலையோடு போர்த்திச் சுருண்டு படுத்திருந்த பவானி, எழுந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“கோச்சிக்காதீங்க. பொம்பளைங்க வரக் கூடாதுன்னு வுட்டுட்டுப் போயிட்டீங்க. எங்கப்பனுக்கு ஒரு கை மண்ணு போடணும்னு மனசு கேக்கல. பஸ் ஏறி வந்துட்டேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. மலை மேல கரியாலூர்ல நீங்க ரெண்டு பேரும் பானெட்டத் தூக்கி வெச்சிக்கினு தண்ணி ஊத்திக்கினு இருந்தீங்க. அப்போ ஏறிட்டேன்.”

முருகவேலுக்குப் போன உயிர் திரும்பியது. “அடிப்பாவி! இந்த ஒடம்ப வெச்சிக்கினு... ஒரு குரல் குடுக்கக் கூடாதா?” என்று திட்டினான். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கலைவாணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன், பாதியில் நிறுத்தினான்.

“இல்லியே மச்சான். ஒரு ஆளு வெயிட்டுக்கு இது ஆடாதே. ரெண்டு பேராவது உக்காந்தாதான்...”

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் பயமே இல்லை.

“அப்பாதாங்க உள்ள இருந்து கதவத் தொறந்தாரு. ‘சத்தம் போடாதம்மா, மாப்ள கோச்சிக்குவாரு’ன்னு தள்ளி உக்காந்து எடம் குடுத்தாரு.”