மைக்கில் ஒரு சித்தப்பா

மாரித்தாய்க்கு மெமோ வந்திருக்கிறது என்ற செய்தி, மெயினருவியில் டூட்டி பார்த்த அத்தனை போலீஸுக்கும் தெரிந்துவிட்டது.

தப்பு அவள் மேல்தான் என்றார்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அப்படியா பேசுவது?

ஒன்பது வருஷ சர்வீஸில் மாரித்தாய் சந்தோஷமாகப் போன டூட்டி இது ஒன்றுதான். அதுவரை எல்லாம் பந்தோபஸ்து. வெயிலில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆலங்குளத்துக்காரிக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இந்தக் குற்றாலம் சீசனுக்கு அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பேப்பரும். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பிக்கும்.

இரண்டு நாள் வாசித்தாள். அருவிக்கு அடியில் நின்றவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. மூன்றாம் நாள் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள்.

“ஊதாத் துண்டு அண்ணாச்சி, அரைமணி நேரமா ஒரே இடத்துல நிக்கியளே, உங்க வீட்டுப் பைப்பா அது? பின்னால நிக்கவங்களுக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்க.”

கூட்டம் சிரித்தது. ஊதாத் துண்டும் சிரித்துக்கொண்டே விலகியது. அன்றிலிருந்து வரிசை மளமளவென்று நகர்ந்தது. குளித்துவிட்டுப் போகிறவர்கள் மைக் அறையைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் கையாட்டவில்லை. வெளியூரில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை பேர் முன்னால் மைக்கில் தன்னைச் 'சித்தப்பா' என்று கூப்பிட்டுவிட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் எஸ்.ஐ. நாகராஜன் கையில் மேலிடத்துக் கடிதம் ஒன்று இருந்ததைக் கூட வேலை பார்க்கும் ஸ்வாதி பார்த்தாள். நாகராஜன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பண்பொழி கோயில் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரையாவது ஒழுங்காகப் பேப்பரைப் பார்த்து வாசி என்று ஸ்வாதி புத்தி சொன்னாள்.

மாரித்தாய் வாசித்தாள். வரிசை தேங்கியது. வீட்டில் புருஷன் முத்துச்செல்வம், தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டான்.

நாலாம் நாள் சாயங்காலம் மலைக்கு மேலே நல்ல மழை. சைரன் ஊதினார்கள். 'நீர்வரத்து அதிகரித்துள்ளதால்' என்று மாரித்தாய் வாசித்தாள். பாதிப் பேர் இன்னும் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று நின்றார்கள். ஒரு பெண் குழந்தையின் தலையை அருவிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாரித்தாய்க்கு மெமோ மறந்துபோயிற்று.

“பச்சைச் சுடிதார் மதினி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாங்க. தண்ணி நெறம் மாறிட்டு. எய்யா, எல்லாரும் வந்துருங்க. அருவி நாளைக்கும் இங்கனதான் இருக்கும். நாமளும் இருக்கணும்லா.”

மூன்றே நிமிஷத்தில் இடம் காலி. சற்று நேரத்தில் பாறையே தெரியாமல் செம்மண் நிறத்தில் கொட்டியது அருவி. அந்தப் பெண் மைக் அறைக்குக் கீழே வந்து, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். மாரித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பினால் நாகராஜன் நிற்கிறார். பண்பொழியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வரிசை தேங்கிய கதையை வரும்போதே கேட்டிருந்தார். கையை நீட்டிப் பேப்பரைக் கேட்டார்.

“மூணு நாளா இதையா வாசிச்சே?”

“ஆமாய்யா. மெமோ வந்திருக்குன்னு சொன்னாங்க. அதான்…”

“மெமோ எனக்குல்லா வந்துச்சு. நான் சொல்லித்தான் அவ அப்படிப் பேசுதான்னு அன்னைக்கே பதில் எழுதிக் கொடுத்துட்டேன். நீ பாட்டுக்குப் பேப்பரைப் பாத்து வாசிச்சு, என்னையப் பொய்யனாக்கிராதம்மா.”